மலையடிவாரத்தில் ஒரு கேமிங் பிசி: காசை எதில் போடுவது, எதில் வெட்டுவது?

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் தாண்டிப் போனால், சேர்வராயன் மலையின் காலடியில் இருக்கிறது குப்பனூர். ஏற்காட்டுக்கு ஏறும் இரண்டாவது மலைப்பாதை இங்கிருந்துதான் கொட்டச்சேடு வழியாகக் கிளம்புகிறது. மழையில் மண் சரிந்து பெரிய சாலை மூடப்பட்டால் வண்டிகள் எல்லாம் இந்தப் பக்கம்தான் திரும்பும். கீழே கோடையில் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் அதே நேரத்தில் ஸ்வெட்டர் விற்றுக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஊர்ப் பையன் ஒருவன் கேமிங் பிசி போட ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். யூடியூபைத் திறந்தால் ‘பெஸ்ட் பில்ட்’ லிஸ்ட் வரிசைகட்டி நிற்கிறது. ஆனால் அந்த லிஸ்ட்டெல்லாம் ஏசி அறையையும் சீரான மின்சாரத்தையும் மனதில் வைத்துப் போட்டவை. வீட்டு லைனில் வோல்டேஜ் இறங்குவது, சித்திரை மாத இடி மின்னல், சுவிட்ச் போர்டில் பேருக்கு இருக்கும் எர்த் ஓட்டை இதெல்லாம் அந்த வீடியோக்களில் வராது. எந்த கிராபிக்ஸ் கார்டு பெஸ்ட் என்பது இரண்டாவது கேள்விதான். அது எந்த வீட்டில், எந்த லைனில், எந்த வெயிலில் ஓடப்போகிறது என்பதே முதல் கேள்வி.

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ‘வைஸ் சிட்டி’யும் ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’கும் ஆடியது நம்மூரில் ஒரு தலைமுறை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல கிராமத்து வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. பிறகு செல்போனில் பப்ஜி வந்தது. 2020 செப்டம்பரில் தடையும் வந்தது. இப்போது பாகம் பாகமாக வாங்கிச் சொந்தமாக ஒரு அசெம்பிள்டு பிசி போடுவதுதான் ஆசை. பாகத்துக்குப் பாகம் யோசிக்க வேண்டிய காலமும் இதுதான்.

ஏன் இப்போது கவனம் தேவை?

2020, 21-இல் கிரிப்டோ மைனிங் செய்தவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். சாதாரண ஆட்களுக்குக் கார்டே கிடைக்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு மைனிங்கைக் கைவிட்டதும், உழைத்துக் களைத்த கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து குவிந்தன.

இப்போது அடி விழுந்திருப்பது ரேமுக்கு. உலகின் மெமரி சிப்புகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு விற்றால் லாபம் அதிகம் என்பதால் சரக்கு அந்தப் பக்கம் போக, 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை எகிறியது. ‘குரூஷியல்’ என்ற பெயரில் கடைகளுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது.

ஆகவே, 32 ஜிபி ரேம் கட்டாயம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட வேண்டாம். 16 ஜிபி இன்றைக்குப் போதும். ஆனால் ஒரே 16-ஆக வாங்காமல் இரண்டு 8-ஆக வாங்குங்கள். இரண்டு ஸ்டிக் போட்டால்தான் டூயல் சேனல் வேலை செய்யும். கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வீட்டில் பழைய கம்ப்யூட்டரின் டிடிஆர்4 ரேம் நன்றாக இருந்தால் அதுவே இப்போது சொத்து. அதை அப்படியே எடுத்துப் போடக்கூடிய ஏஎம்4 போர்டுக்குப் போவது இன்னும் புத்திசாலித்தனமான கணக்குதான்.

ஆடப்போகும் கேமைச் சொல்லுங்கள்

“அண்ணா, அறுபதுக்குள்ள ஒரு கேமிங் பிசி போடணும்ணா.”

“போட்டுடலாங்க தம்பி. என்ன கேம் ஆடுவீங்க?”

“எல்லா கேமும்ணா!”

சேலத்தில் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் நின்றாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். பணம் வீணாவது ‘எல்லா கேமும்’ என்ற அந்தப் பதிலில்தான். ‘வேலோரன்ட்’, ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’ மாதிரி போட்டி கேம்களுக்குப் படத்தின் அழகைவிட வேகம் முக்கியம். கதையோடு ஓடும் பெரிய கேம்களுக்கு கிராபிக்ஸ் கார்டின் பலமும் அதன் மெமரியும் முக்கியம்.

அடுத்து மானிட்டர். எல்லாவற்றையும் வாங்கிவிட்டு மிச்சக் காசில் மானிட்டர் வாங்குவதுதான் வழக்கம். வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். கியூஎச்டியில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு. அத்தனை புள்ளியையும் நொடிக்கு 60 முறையோ 144 முறையோ வரைந்து தள்ளுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. மானிட்டரை முடிவு செய்துவிட்டால் கார்டு பாதி முடிவாகிவிடும். முதல் பிசிக்கு 24 இன்ச் ஃபுல் எச்டி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் என்பது குறை சொல்ல முடியாத தேர்வு.

கார்டு: ஒரே பெயர், இரண்டு சரக்கு

கேமிங் பிசியில் பெரிய செலவு கிராபிக்ஸ் கார்டுதான். மானிட்டர் நீங்கலாக மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே இதற்கு ஒதுக்கலாம். 2025-இல் வந்தவற்றில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 எட்டு ஜிபி மெமரியோடு வருகிறது. 145 வாட் இழுக்கும். ஃபுல் எச்டியில் போட்டி கேம் ஆடுபவருக்கு அதுவே தாராளம்.

அதற்கு மேலே போகும்போதுதான் பொறி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபியிலும் வருகிறது, 16 ஜிபியிலும் வருகிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் அப்படியே. பெட்டியில் பெயர் ஒன்றுதான், உள்ளே சரக்கு வேறு. கொட்டேஷனில் ஜிபி எண் எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் ‘5060 டிஐ’ என்பதை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பெரிய கேம்களை மூன்று நான்கு வருடம் ஆடும் எண்ணம் இருந்தால் 8 ஜிபியை விட்டுவிட்டு மேலே போவது நல்லது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் 12 ஜிபியோடு வரும் இன்டெல் ஆர்க் பி580-ஐயும் விசாரிக்கலாம்.

உச்சியில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 5090 தனியாக 575 வாட் கேட்கும். அது சமையலறையில் ஒரு மிக்சியை விடாமல் ஓட்டுவதற்குச் சமம். நடுத்தர கேமிங் பிசியே மானிட்டரோடு சேர்த்து 350 வாட் இழுக்கலாம். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். இரண்டு மாத ரீடிங்கில் 60 யூனிட் கூடுதல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஸ்லாப்பின் விளிம்பில் நிற்கும் வீட்டில் அப்பாவுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பிராசஸர்: ஒரு எழுத்தின் விலை

ஆறு கோர் பிராசஸர் இன்றைய கேம்களுக்குப் போதும். கவனிக்க வேண்டியது பெயரின் வாலில் இருக்கும் எழுத்தை. இன்டெல்லில் 12400 என்றும் 12400 எஃப் என்றும் இரண்டு உண்டு. எஃப் இருந்தால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது; விலையும் கொஞ்சம் குறையும். ஏஎம்டியில் ரைசன் 5 5600-க்கு உள்கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5 7600-க்கு உண்டு.

சென்னையில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம். மலையடிவாரத்தில் இருப்பவருக்குப் பெரிய விஷயம். கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போனால் அது வெளியூர் போய்த் திரும்ப வாரக்கணக்கு ஆகலாம். எஃப் பிராசஸர் போட்டிருந்தால் அதுவரை திரை கறுப்புதான். காலேஜ் புராஜெக்ட்கூடச் செய்ய முடியாது. உள்கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாற்றிச் செருகிப் பிழைப்பை ஓட்டலாம். கையில் காசு குறைவு என்றால் ரைசன் 5 8600ஜி மாதிரி பலமான உள்கிராபிக்ஸ் உள்ள பிராசஸரோடு இப்போது ஆரம்பித்து, கார்டை அடுத்த வருடம் சேர்க்கலாம்.

மதர்போர்டில் பார்க்க வேண்டியது சாக்கெட்டின் ஆயுள். 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதனால் பிராசஸரை மட்டும் பிறகு மாற்ற வழி இருக்கிறது.

பழைய சிஸ்டம் வாங்குபவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கும், ரைசனில் 2000 வரிசைக்கும் முந்தைய பிராசஸர்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்காது. விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் கட்டாயம்.

லேபிளில் ஒளிந்திருக்கும் உண்மை

அழகான கண்ணாடி கேபினெட். கூடவே ‘450 வாட் எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ’. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் அந்த இலவச டப்பாவைத் திருப்பி அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். 450 என்ற எண் கொட்டை எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் 12 வோல்ட் என்ற பத்தியைத் தேடுங்கள். அங்கே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க இந்த 12 வோல்ட் லைனில்தான் ஓடுகின்றன. ஆக, அந்த டப்பா உங்கள் கேமுக்குத் தரக்கூடியது 192 வாட்தான். மீதியெல்லாம் ஸ்டிக்கரின் அலங்காரம்.

நேர்மையான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே பத்தியில் 45 ஆம்பியருக்குப் பக்கத்தில் இருக்கும். பெருக்கினால் 540 வாட். 5060 மாதிரி கார்டுக்கு இது போதுமானது. ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். எத்தனை வருட வாரன்டி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்து வருடம் தருபவர் தன் சரக்கை நம்புகிறார்.

மட்டமான எஸ்எம்பிஎஸ் என்ன செய்யும்? சண்டைக் காட்சி உச்சத்துக்குப் போகும்போது கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து மறுபடி ஆன் ஆகும். ரேம், விண்டோஸ், வைரஸ் என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுவோம். ஒருநாள் அது போகும்போது போர்டையும் கார்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகும். எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

எர்த், யுபிஎஸ், இடி

கேபினெட்டின் உலோகத்தில் கை பட்டால் சுருக்கென்கிறதா? “லேசா ஷாக் அடிக்கும், ஒண்ணும் ஆகாது” என்று விட்டுவிடுவது நம்மூர் வழக்கம். நடப்பது இதுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் உலோகத்துக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்கு இறங்கிவிடும். எர்த் இல்லை என்றால் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், கேபினெட்டிலேயே நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் உள்ளே வேறு கோளாறு வந்தால் காப்பாற்ற அந்த வீட்டில் எதுவும் இல்லை என்பதற்கு அதுவே அறிகுறி.

வயர்மேனை வரவழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்; நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்கலாம். இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு முன்னால் எர்த் குழிக்குச் செலவு செய்யுங்கள்.

யுபிஎஸ்ஸில் விஏ என்பது வேறு, வாட் என்பது வேறு. 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான். 350 வாட் பிசிக்கு அது நூலிழை. 1000 விஏ, 600 வாட் என்றால் சேவ் செய்து நிதானமாக அணைக்க நேரம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அது பியூர் சைன் வேவா என்று பாருங்கள். யுபிஎஸ் மோடில் வையுங்கள். கரண்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் தம் பிடிப்பது 16, 17 மில்லிசெகண்ட்தான். அதற்குள் இன்வெர்ட்டர் மாறாவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

மலை மேல் இடி உறுமினால் பிளக்கைப் பிடுங்குவதோடு லேன் கேபிளையும் பிடுங்குங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கீழே வெயில், மேலே பனி

கம்ப்யூட்டரின் ஃபேன் குளிர்ச்சியைத் தயாரிப்பதில்லை. அறைக் காற்றை எடுத்து உள்ளே அனுப்புகிறது, அவ்வளவுதான். 25 டிகிரி அறையில் கார்டு 70 டிகிரியில் ஓடினால், 38 டிகிரி அறையில் அது 83-ஐத் தொடும். அதற்கு மேல் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் சித்திரை மதியத்தில் கிடைக்காது.

எனவே குப்பனூர் வீட்டுக்கு முன்பக்கம் முழுக் கண்ணாடி போட்ட கேபினெட் ஆகாது. முன்னால் வலை உள்ள ‘மெஷ்’ கேபினெட் எடுங்கள். முன்னே இரண்டு ஃபேன் காற்றை இழுக்க, பின்னே ஒன்று வெளியேற்ற, தூசிக்குக் கழற்றிக் கழுவும் ஃபில்டர் இருந்தால் போதும். 65 வாட் பிராசஸருக்கு லிக்விட் கூலர் வெட்டிச் செலவு. பின்பக்கத்துக் காலி ஸ்லாட்டுகளைத் தகடு வைத்து மூடிவிடுங்கள். பல்லிக்கும் எறும்புக்கும் சூடான இடம் என்றால் கொள்ளைப் பிரியம்.

ஏற்காட்டில் கதை வேறு. உயரத்தில் காற்று கொஞ்சம் லேசு. ஆனாலும் மலைக் குளிர்ச்சி அதை ஈடுகட்டிவிடும். அங்கே எதிரி ஈரம். வாரக்கணக்கில் மூடி வைக்காமல் அவ்வப்போது ஓடவிடுவதே நல்ல மருந்து. இன்னொரு எச்சரிக்கை: குளிர்ந்து கிடந்த கம்ப்யூட்டரை மலையிலிருந்து இறக்கிச் சமவெளியின் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் உள்ளே உலோகத்தில் நீர் பூக்கலாம். வந்ததும் ஆன் செய்யாமல் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். மலைப்பாதையில் பஸ்ஸிலோ காரிலோ கொண்டுபோகும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். ஒரு கிலோ கார்டு வளைவுக்கு வளைவு ஆடினால் மதர்போர்டின் ஸ்லாட் தாங்காது.

எங்கே வாங்குவது?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு வட்டாரம் இதற்குப் பேர்போனது. ஆன்லைனிலும் விலை குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் விலையோடு ஒரு கேள்வியையும் சேருங்கள்: “பழுதானா நீங்களே வாங்கி அனுப்புவீங்களா, நான்தான் சர்வீஸ் சென்டருக்கு அலையணுமா?” சேலம் கடைக்காரர் தானே அனுப்பித் தருகிறேன் என்றால், கொஞ்சம் கூடுதல் விலை நியாயமான விலைதான்.

செகண்ட் ஹேண்ட் என்றால் சீரியல் நம்பரை வாங்கிக் கம்பெனி தளத்தில் வாரன்டி பாருங்கள். கார்டு என்றால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய பிராசஸர்களில் வோல்டேஜ் கோளாறு வெளிப்பட்டு, 2024-இல் அந்த நிறுவனமே வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியது. பயாஸ் அப்டேட் போட்டதா என்று கேட்காமல் அவற்றை வாங்காதீர்கள்.

அசெம்பிள் முடிந்ததும்...

* மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா? மதர்போர்டில் செருகிவிட்டு “கார்டு வேஸ்ட்” என்று புலம்புபவர்கள் ஏராளம்.
* 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். டிஸ்ப்ளே செட்டிங்கில் மாற்றுங்கள்.
* 6000 வேக டிடிஆர்5 ரேம், பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி ஆன் செய்யும் வரை 4800-இல்தான் ஓடும்.
* வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் போடுங்கள். பிங் சீராக இருக்கும்.

பெற்றோருக்கு

கேமிங் என்றதும் ரம்மியும் கடனும் நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டும் வேறு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து அங்கீகரிக்கிறது. அதோடு, கேமுக்குப் போடும் இதே கார்டில்தான் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளும் வீடியோ எடிட்டிங்கும் ஓடுகின்றன. நேரக் கட்டுப்பாட்டைப் பேசி முடிவு செய்துகொண்டு வாங்கிக் கொடுத்தால் காசு வீண் போகாது.

முடிவாக...

பட்ஜெட் இடித்தால் முதலில் ஆர்ஜிபி விளக்கை வெட்டுங்கள். அடுத்து கண்ணாடி கேபினெட், லிக்விட் கூலர், 32 ஜிபி ரேம், அதிவேக ஜென்5 எஸ்எஸ்டி. பெரிய கேம்கள் தலைக்கு 100 ஜிபிக்கு மேல் கேட்கும் என்பதால் எஸ்எஸ்டியின் வேகத்தைவிட 1 டிபி கொள்ளளவே உபயோகம். அதற்கும் மேல் வெட்ட வேண்டி வந்தால் கார்டில் ஒரு படி இறங்குங்கள். எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், எர்த் மூன்றிலும் கைவைக்காதீர்கள். கார்டை அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். கருகிய போர்டுக்கு வாரன்டி கேட்டால் கம்பெனி கையை விரிக்கும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் ஏறிய ஜிஎஸ்டி பில்லை வாங்காமல் கடைப்படி இறங்காதீர்கள்.